வினிகர் குறைந்த வருஷம்

இத்தாலியில் எங்கள் ரோக்காமாராவில் அந்த அண்ணன் தம்பி இருவருக்கும் வீடு இரண்டு, முற்றம் ஒன்று. அண்ணன் கயெத்தானோ பஸ் ஓட்டினான். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கீழே கடற்கரை ஸ்டேஷன் வரைக்கும் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. தம்பி வீத்தோ கொத்தனார். வீடு இரண்டானாலும் அவர்களுக்கு அடுப்பு ஒன்றுதான் என்று ஊரில் சொல்வார்கள். மதியம் சாப்பிட்டுக்கொண்டே ராத்திரிக்கு என்ன செய்யலாம் என்று பேசுகிற குடும்பம் அது. கல்யாணத்துக்குப் போய் வந்தால் பெண் எப்படி இருந்தாள் என்று ஒருத்தருக்கும் நினைவிருக்காது. ஆட்டுக்கறியில் ரோஸ்மேரி இலை கொஞ்சம் தூக்கலாகிவிட்டதை மட்டும் வாரக்கணக்கில் பேசுவார்கள்.

செராஃபீனா வீத்தோவைக் கட்டிக்கொண்டு வந்தவள். கடற்கரைப் பக்கம், மீன்பிடிக்கிற வீடு. வந்த புதிதில் பன்றிக்கொழுப்பை உருக்கக்கூடத் தெரியாது. அண்ணன் மனைவி எர்சீலியா செய்வதைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். மகன் டொனாட்டோ பிறந்து அவன் நடக்கத் தொடங்குவதற்குள் கைப்பக்குவத்தில் ஓரகத்தியைத் தாண்டிவிட்டாள். எர்சீலியாவுக்கு அது தெரியும். ஆனால் அவள் அதைச் சண்டையாக ஆக்கவில்லை. எனக்கு வேகம், அவளுக்கு ருசி என்று கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பாள்.

கயெத்தானோ முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வான். அவன் கண்ணைத் திறக்கிறவரை மேஜையில் யாரும் பேசமாட்டார்கள். திறந்து தலையாட்டினால் பாஸ் என்று அர்த்தம். செராஃபீனா செய்ததாக இருந்தால் கூடவே ஒரு வார்த்தையும் வரும்.

"தாயி, சாயங்கால பஸ்ஸ நீயே ஓட்டிடு. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

செராஃபீனாவின் அப்பா தன் ஆயுளில் ஒரு பெண்பிள்ளையைப் பாராட்டியவரல்ல. வீத்தோ நல்லவன், ஆனால் தின்றுவிட்டு எழுந்து போகிற ஆள். கேட்டால், நல்லா இல்லேன்னா சொல்லமாட்டேனா என்பான். ஆகவே அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த புகழ்ச்சியெல்லாம் மூத்தார் கயெத்தானோவிடமிருந்து வந்ததுதான். பின்னாளில் ஊர் அதையும் வேறுமாதிரி திரித்துப் பேசியது. அதில் வேறெதுவும் இல்லை. சாப்பாட்டை ரசிக்கத் தெரிந்த ஒருவனுக்குச் சமைத்துப் போடுகிற சந்தோஷம், அவ்வளவுதான்.

கோடை முடிந்ததும் இரண்டு பெண்களும் முற்றத்தில் பெரிய கொப்பரையை ஏற்றுவார்கள். தக்காளியை அரைத்துப் புட்டியில் அடைப்பது, கத்தரிக்காயை உப்பில் பிழிந்து எண்ணெயில் போடுவது, குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரிப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று நடக்கும். மழை விழுந்து மலையில் காளான் முளைத்துவிட்டால் அதுதான் கடைசி வேலை. காளானைத் துடைத்து, நறுக்கி, வினிகரில் கொதிக்கவிட்டு, துணியில் பரப்பி உலர்த்தி, பூண்டும் மிளகாயும் சேர்த்து ஆலிவ் எண்ணெய்க்கு அடியில் அமுக்கி ஜாடியில் மூடுவார்கள். பனி பெய்கிற மாதங்களில் ரொட்டிக்குத் துணை அதுதான்.

அந்த வருஷம் காளான் அடைக்கிற அன்று கயெத்தானோ வீட்டில் இருந்தான். பஸ் பழுதாகி நின்றிருந்தது. கொப்பரைப் பக்கம் வந்து மூக்கைச் சுளித்தான்.

"வருஷா வருஷம் இதே கதைதான். காடு மணக்கற சாமானக் கொண்டாந்து புளிப்புல முக்கிக் கொன்னுபுடறீங்க. ஒருதரமாவது காளான் காளானா இருக்கட்டுமே."

செராஃபீனா சிரித்தாள். எர்சீலியாவைப் பார்த்தாள். எர்சீலியா தோளைக் குலுக்கினாள். அந்த மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று இருவருக்குமே பட்டது. ஒரு கொப்பரைக்கு மட்டும் வினிகரைப் பாதிக்கும் கீழே குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, கொதி வந்ததும் இறக்கினாள் செராஃபீனா. ஆறிய துண்டு ஒன்றை எடுத்து ஓரகத்தியிடம் நீட்டினாள். எர்சீலியா மென்று பார்த்து, இதுதான் சரி, இனிமே இப்படியே போடலாம் என்றாள். அந்த ஜாடிகளைத் தனியாக, கயெத்தானோவுக்கென்று மேல்தட்டில் வைத்தார்கள்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் ஒரு ஜாடியை எடுத்துத் திறந்தார்கள். வாடை இல்லை, நுரை இல்லை, நிறமும் மாறவில்லை. எண்ணெய் தெளிவாக நின்றது. வீத்தோவுக்குப் பல்வலி. அவன் சூப்போடு நிறுத்திக்கொண்டான். எர்சீலியாவின் மகள் நூன்சியா சின்னதிலிருந்தே காளானைத் தொடமாட்டாள். பெண்கள் இருவரும் பரிமாறிவிட்டு உட்காருவதற்குள் ஜாடி காலி. கயெத்தானோ பாதிக்குமேல் தின்றான். டொனாட்டோவுக்கு அப்போது பதினேழு வயது, எதைப் போட்டாலும் தின்கிற வயது. அடியில் மிஞ்சியதை ரொட்டியால் வழித்துத் தின்றான். கயெத்தானோ அன்றைக்குக் கண்ணை மூடியவன் வெகுநேரம் திறக்கவில்லை. திறந்து, இப்பத்தான் மழை பேஞ்ச மலைக்குள்ள போயிட்டு வந்தேன் என்றான். செராஃபீனாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

மறுநாள் மாலை நடையில் கயெத்தானோ பாதி மலையில் பஸ்ஸை நிறுத்தினான். பின்னால் திரும்பி, யாராவது முன்னாடி வந்து உட்காருங்க, எனக்கு ரோடு ரெண்டாத் தெரியுது என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எத்தனை கிளாஸ் ஊத்தினே என்று ஒருவன் கேட்டான். கயெத்தானோ பதில் சொல்ல வாயைத் திறந்தபோது குரல் மூக்கில் வந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. பயணி ஒருவனே பஸ்ஸை ஊர்வரைக்கும் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான். ஊர் டாக்டர் வந்து பார்த்தார். வாய் வறண்டிருந்தது, இமை தொங்கியது, தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியே வந்தது. பக்கவாதத்தின் ஆரம்பம் என்றார், படுக்க வைக்கச் சொன்னார்.

அதற்குச் சற்றுப் பிறகு அடுத்த வீட்டில் டொனாட்டோ புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். அம்மா, எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது என்றான். செராஃபீனா அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு இமை பாதி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மூத்தாரிடம் பார்த்த அதே இமை. பதினேழு வயதுப் பையனுக்குப் பக்கவாதம் வராது என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. வீத்தோ வேன் வைத்திருந்த ஒருவனை இழுத்து வந்தான். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே இருந்தது ஒரு இளவயதுப் பெண் டாக்டர். இரண்டு நோயாளிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வராந்தாவில் நின்ற பெண்களிடம் வந்தார்.

"வீட்ல போட்டது ஏதாவது சாப்பிட்டாங்களா? ஜாடியில அடைச்சது?"

செராஃபீனா அடுக்கினாள். கத்தரிக்காய், குடைமிளகாய், ஆலிவ், காளான். அந்த நிலைமையிலும் அவள் குரலில் பழைய பெருமை ஒரு இழை ஓடியதை அவளே கேட்டாள். அதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ தரம் கூனிக்குறுகியிருக்கிறாள். டாக்டர் காளானில் நின்றார். எப்படிப் போட்டீர்கள், எவ்வளவு நேரம் கொதித்தது, வினிகர் எவ்வளவு என்று கேட்டார். இவள் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. காற்றுப் புகாமல் எண்ணெய்க்கு அடியில் ஒரு விஷம் வளரும், அதற்கு வாசனை இல்லை, ருசி இல்லை, புளிப்பு இருந்தால் மட்டும் அது தலையெடுக்காது என்று பொறுமையாகச் சொன்னார்.

"புளிப்பு ருசிக்காக இல்லம்மா," என்றார். "காவலுக்கு."

விஷமுறிவு மருந்து ரோமிலிருந்து வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் கயெத்தானோவின் நெஞ்சு அசைவதை நிறுத்திவிட்டது. கடைசிவரை அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது என்பதுதான் கொடுமை. பேச முடியவில்லை, விழுங்க முடியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. எர்சீலியா கையைப் பிடித்தபோது விரலால் மட்டும் அழுத்தினான். டொனாட்டோவை மூச்சு மெஷினில் போட்டார்கள். மருந்து அவனுக்கு உதவியது. ஆனால் தானாக மூச்சுவிட அவனுக்கு வசந்தம் வரைக்கும் ஆயிற்று.

செய்தி ஊருக்கு வந்த அன்றே பெண்கள் தங்கள் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பள்ளத்துக்குப் போனார்கள். குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து வைத்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தார்கள். பாறையில் எண்ணெய் வழிந்து உறைந்தது. நாய்கள் போய்விடாமல் கட்டிப் போட்டார்கள். அந்தக் குளிரில் பல வீடுகளில் வெறும் ரொட்டிதான். அந்த வெறும் ரொட்டிக்கும் செராஃபீனாதான் காரணம் என்று ஆனது.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. சொந்தக்காரர்கள் சமைத்துக் கொண்டுபோக வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து முறை. முதல் பானை கூடப்பிறந்தவன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். செராஃபீனா மகனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அடக்கத்துக்காக ஊர் திரும்பி, கோழியைக் கொதிக்கவைத்து சூப் செய்தாள். அது வெந்து கரைந்த பிறகும் இறக்க மனம் வராமல் இன்னும் கொதிக்கவிட்டாள். பானையைத் துணியில் கட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். சில அடி தூரம்தான். கருப்பு உடுத்திய பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், வழி விட்டார்கள். எர்சீலியா எழுந்து வந்தாள். பானையைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போ. உன் கை பட்டது எதுவும் இனிமே என் வாசல்படி தாண்டக்கூடாது."

செராஃபீனா பானையோடு திரும்பி வந்தாள். அதை வீத்தோ ராத்திரி எடுத்துச் சூடாக்கி, முழுவதையும் சாப்பிட்டான். அதற்குப் பிறகும் அவன் உயிரோடு இருந்த நாள்வரை அவள் கையால் தவிர வேறு யார் கையாலும் சாப்பிடவில்லை. பாராட்டத் தெரியாத அந்த மனுஷன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கு அன்றே புரிந்தது.

போலீஸ்காரர்கள் வந்தார்கள். இரண்டு பெண்களையும் எர்சீலியாவின் சமையலறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். காளான் போட்டது யார் என்று கேட்டார்கள். எர்சீலியா சுவரைப் பார்த்தபடி, அவதான் போட்டா, அன்னைக்கு நான் ஆலிவ் பொறுக்கப் போயிருந்தேன் என்றாள். செராஃபீனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். எர்சீலியா மென்று பார்த்து இதுதான் சரி என்று சொன்ன அந்த நிமிஷம் அவள் கண் முன்னால் நின்றது. வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்தவள் புருஷனைப் புதைத்து ஒரு வாரம் ஆகவில்லை. தன் மகனோ மெஷின் மூச்சில் கிடந்தான். இப்போது தான் பேசினால் அந்த மூச்சு நின்றுபோகும் என்று அவளுக்குக் காரணமில்லாத ஒரு பயம். ஆமாம், நான் தனியாகத்தான் போட்டேன் என்றாள். வேண்டுமென்று செய்ததில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வழக்கு எதுவும் வரவில்லை.

வழக்கே வந்திருக்கலாம். மாதா திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பலகாரம் கொண்டுவந்து கோயில் முன்னால் நீள மேஜையில் வைப்பது வழக்கம். முதல் வருஷம் அவள் அத்திப்பழ பிஸ்கட் கொண்டுபோனாள். மாலையில் மற்ற தட்டெல்லாம் காலி, அவளுடையது வைத்தது வைத்தபடி இருந்தது. பாதிரியார் மட்டும் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம் அவள் போகவில்லை. முற்றத்தின் நடுவே எர்சீலியா ஒரு சுவர் எழுப்பச் சொன்னாள். ஊரில் இருந்த கொத்தனார் வீத்தோ ஒருவன்தான். அவனையே கூப்பிட்டாள். அவனும் போய்க் கட்டிக் கொடுத்தான், கூலி வாங்கவில்லை.

டொனாட்டோ எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். அம்மாவின் மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. அதைப் பலமுறை சொன்னான். ஆனால் அவள் தட்டை முன்னால் வைத்ததும் அவன் தொண்டை மூடிக்கொள்ளும். வெளியே ஹோட்டலில், நண்பன் வீட்டில் எல்லாம் இறங்கும், இங்கே மட்டும் இறங்காது. செராஃபீனா அவன் சாப்பிடும்போது சமையலறையை விட்டு வெளியே போய்ப் பார்த்தாள். வீத்தோவை விட்டுப் பரிமாறச் சொன்னாள். எதுவும் உதவவில்லை. ஒரு நாள் அவன், வடக்கே தூரின் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றான். நல்லது, அங்க போயாவது சாப்பிடு என்றாள். இரண்டு பேருக்குமே அது நிம்மதியாக இருந்ததுதான் துக்கம்.

வருஷங்கள் போயின. வீத்தோ சாரத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். எர்சீலியா அடக்கத்துக்கு வந்தாள், கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டுக் கையைக் கொடுக்காமல் போனாள். செராஃபீனா ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்கினாள். வீட்டில் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் வேகவைத்துத் தின்றாள். புட்டி, ஜாடி என்று ஒரு கண்ணாடிச் சாமான் அந்த வீட்டில் கிடையாது. எண்ணெயைக்கூடத் தகர டப்பாவில் வாங்கினாள்.

எர்சீலியாவுக்குச் சர்க்கரை வியாதி. முதலில் கால் மரத்தது, அப்புறம் கண் போனது. நூன்சியா ஜெர்மனியில் குடும்பத்தோடு இருந்தாள். பணம் அனுப்பி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாள். அந்தப் பெண் எர்சீலியாவின் வாய்க்கு அஞ்சி ஓடினாள். அடுத்தவளும் ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தம், திட்டும் சத்தம், அப்புறம் நாள் முழுக்கச் சத்தமே இல்லாதது எல்லாம் செராஃபீனா காதில் விழுந்துகொண்டிருந்தது. சத்தமில்லாத இரண்டாம் நாள், பீன்ஸ் போட்டுப் பாஸ்தா செய்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி அந்த வாசலுக்குப் போனாள். கதவு சாத்தியிருக்கவில்லை.

எர்சீலியா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். காலடி கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். பீன்ஸ் வாசனை அறையில் நிறைந்தது.

"பன்றிக்கொழுப்புப் போட்டிருக்கியா?"

"கொஞ்சமா போட்டிருக்கேன்க்கா."

"நீ மொதல்ல தின்னு. நான் கேக்கறாப்புல தின்னு."

செராஃபீனா நின்றபடியே ஒரு கரண்டி எடுத்து மென்று விழுங்கினாள். எர்சீலியா தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இன்னொரு வாய் என்றாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள். கிண்ணம் காலியாகும்வரை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, உப்பு பத்தல என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. தினமும் இரண்டு வேளை கொண்டுபோவாள், முதல் இரண்டு வாய் அவள் தின்ன வேண்டும், பிறகுதான் எர்சீலியா தொடுவாள். செராஃபீனா அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவராவது வெளிப்படையாகப் பயப்படுகிறாரே என்றிருந்தது அவளுக்கு. மற்றவர்களெல்லாம் பயத்தை மறைத்துக்கொண்டு புன்னகை செய்தவர்கள். நாளாக ஆக எர்சீலியா பழையபடி குறை சொல்லத் தொடங்கினாள். கத்தரிக்காயை இன்னும் சிவக்க விட்டிருக்கலாம், வெங்காயம் அவசரப்பட்டிருக்கிறது, இந்தச் சீஸை எவன் தலையில் கட்டினான் என்று. நாளைக்கு என்ன என்று மதியமே கேட்பாள். செராஃபீனா சொல்வாள், எர்சீலியா திருத்துவாள். சில நாள் அந்தப் பேச்சிலேயே சாயங்காலம் ஆகிவிடும். கயெத்தானோ பேரை இருவரும் எடுத்ததில்லை.

ஒரு இலையுதிர்காலத்தில், நல்ல மழை பெய்து ஓய்ந்த மதியம், தெருவில் யாரோ கூடையோடு போனார்கள். காளான் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. எர்சீலியா முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நானும்தான் ருசி பார்த்தேன். நல்லாருக்குன்னு சொன்னேன்."

"தெரியும்க்கா."

"போலீஸ்காரன் கேட்டப்ப ஏன் சொல்லல?"

சொல்லி என்ன ஆகப்போகுது என்றாள் செராஃபீனா.

"என்ன ஆகும். ஊர்ல ரெண்டு பேரா நின்னுருப்போம்." எர்சீலியா பார்வையில்லாத கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லுவே சொல்லுவேன்னு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்தேன். சொன்னா உன்ன அடிச்சிருப்பேன். அப்புறமாவது பேசியிருப்போம். நீ வாயையே திறக்கல. அதுக்கும் சேர்த்துத்தான் உன்மேல கோவம்."

மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. எர்சீலியா தட்டைத் தள்ளினாள், ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொண்டா என்றாள். செராஃபீனா சூடு செய்து கொண்டுவந்தாள், வழக்கம்போல முதல் இரண்டு வாயைத் தின்றாள். இனிமே வேண்டாம் என்று எர்சீலியா சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

எர்சீலியா போன பிறகு நூன்சியா வந்து வீட்டை விற்றுவிட்டுப் போனாள். வாங்கியவர்கள் கோடையில் மட்டும் வருகிறவர்கள். செராஃபீனாவுக்குச் சமைக்க ஆளில்லை. ஒரு ஆகஸ்டில் டொனாட்டோ தனியாக வந்தான். தலை நரைத்திருந்தது. மனைவி, பிள்ளைகளைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்திருந்தான். எப்போதும் காபியோடு கிளம்பிவிடுகிறவன், அன்று மேஜையில் உட்கார்ந்தான்.

"அம்மா, குடைமிளகாயும் உருளைக்கிழங்கும் வறுத்துக் குடு."

அவள் அவனைப் பார்த்தாள். வாங்கிவைத்திருந்ததை நறுக்கினாள், வாணலியில் எண்ணெய் விட்டாள். அவன் பார்க்கிறான் என்பதற்காக ஒவ்வொன்றையும் அவன் கண்ணெதிரிலேயே செய்தாள். தட்டை வைத்துவிட்டு வெளியே போக நடந்தாள். இங்கயே உக்காரு என்றான். உட்கார்ந்தாள். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒன்று விடாமல் தின்றான். நெற்றியில் வியர்த்திருந்தது. ரொட்டியால் தட்டைத் துடைத்தான். நல்லாருக்கு என்றான். அவளை முத்தமிட்டுவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

செராஃபீனா தட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். கீழே, காரின் மறுபக்கம், அவன் சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்து முடித்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தான், நிமிர்ந்து மேலே பார்த்தான். அவள் அதற்குள் பின்னால் நகர்ந்துகொண்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு தட்டைக் கழுவி வைத்தாள்.

அடுத்த ஆகஸ்டிலும் அவன் வந்தான். உட்கார்ந்து, அதையே கேட்டான்.